புத்தகத்தில் இல்லாத இருபத்து மூன்று

அக்தர் பானுவுக்கு அந்தப் புத்தகம் கிட்டத்தட்ட மனப்பாடம். வீட்டு ஏசியில் கோளாறு வந்தால் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியின் முகப்பில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து மின்னும். அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் போன் செய்வார்கள். F1 என்றால் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது. H3 என்றால் விசிறி சுற்றவில்லை. இப்படி நூற்றுப் பன்னிரண்டு குறிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வாடிக்கையாளரிடம் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று இரண்டு மூன்று வரிகள் இருக்கும்.

காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து அவளுக்கு ஆறு வருடம் ஆகிறது. கணவர் சலாஹுதீனுக்கு இங்கே மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. பென்தான் என்ற பெரிய சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஓர் ஏசி சேவை அலுவலகத்தில் ஆங்கிலம் பேச ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு பானு போனாள். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். வியட்நாமிய மொழியில் பேச முப்பது பேர் இருந்தார்கள். ஆங்கிலத்துக்கு இவளும் இன்னொரு பெண்ணும்தான்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. எதிர்முனையில் இருப்பவர் பதறிக்கொண்டு குறியைச் சொல்வார். இவள் அதன் பொருளைச் சொன்னதும் அந்தக் குரல் தணியும். இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று தெரிந்துவிட்டாலே பாதி பயம் போய்விடுகிறது என்பது பானு இந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்டுகொண்ட விஷயம்.

அந்த ஏப்ரலில் வெயில் முப்பத்தொன்பது டிகிரியைத் தொட்டது. ஊரிலுள்ள ஏசிகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே வாரத்தில் படுத்தன. மெக்கானிக் வர நான்கு நாள் ஆகும் என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பானுவின் இணைப்பில் ஒரு அழைப்பு வந்தது. திரையில் ஜெனேவியேவ் என்ற பெயரும் நகரின் சோலோன் பகுதியில் ஒரு சந்தின் முகவரியும் தெரிந்தன. வயதான பெண் குரல். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"வியட்நாமிய இணைப்பில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று பதிவுக் குரல் சொன்னது. அதனால் ஆங்கிலத்தை அழுத்தினேன். ஏசி நின்றுவிட்டது. இன்றே ஆள் அனுப்ப வேண்டும்."

"முகப்பில் என்ன குறி மின்னுகிறது, மேடம்?"

"இருபத்து மூன்று."

பானு தட்டச்சு செய்யப் போன விரலை நிறுத்தினாள். புத்தகத்தில் எண்ணில் தொடங்கும் குறியே கிடையாது. "அது நீங்கள் வைத்திருக்கும் வெப்பநிலையாக இருக்கலாம், மேடம்."

"நான் எப்போதும் இருபத்தாறில்தான் வைப்பேன். இது மின்னுகிறது. காற்றும் வரவில்லை."

"ரிமோட்டில் அணைத்துவிட்டு மூன்று நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்களேன்."

"ரிமோட் கட்டில் மேல் இருக்கிறது."

"எடுத்துக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்."

மூச்சு மட்டும் கேட்டது. ஏதோ உராயும் சத்தம். பிறகு, ஆங்கிலத்தில் அல்ல, வியட்நாமிய மொழியிலும் அல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதுபோல், "ஐயோ மாதாவே" என்று தமிழ் வந்தது.

பானு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாமி, நீங்க தமிழா?"

"அப்பா வழியில. நீ எந்த ஊரும்மா?"

"காரைக்கால். மாமி, உங்களுக்கு உடம்பு ஏதும் முடியலையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஏசிதான் சரியில்ல. இன்னைக்கே மெக்கானிக்கை அனுப்பு. அது போதும்."

"அனுப்பறேன். கோடு சரியாத் தெரிஞ்சாதான் பதிவு பண்ண முடியும். இன்னொரு தடவை பாத்துச் சொல்றீங்களா?"

"எத்தனை தடவை பார்க்கிறது? ரெண்டு, மூணு. எதிர்லயே தெரியுது."

"ஏசி எதிர்லயா மாட்டியிருக்கு?"

"ஏசி பின்னாடி இருக்கு. அலமாரிக் கண்ணாடியில தெரியுது."

பானு மேசையிலிருந்த தாளில் இரண்டையும் மூன்றையும் ஏசி முகப்பில் வருவதுபோல் கட்டம் கட்டமாக எழுதினாள். தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். கட்ட எழுத்தில் மூன்று, இடம் வலம் மாறி, E ஆனது. இரண்டு ஐந்தானது. E5. வெளியே வைத்திருக்கும் யூனிட் அளவுக்கு மீறிச் சூடாகிறது, காற்றுப் போகும் வழி அடைபட்டிருக்கலாம். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும் குறி.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ரிமோட் கட்டில் மேலேயே இருந்தும் எடுக்கவில்லை. ஏசி பின்னால் இருந்தும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. இத்தனை நேரமும் கண்ணாடியை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒருத்தி ஏன் பேச வேண்டும்?

"மாமி," என்றாள் மெதுவாக, "நீங்க இப்போ தரையிலயா இருக்கீங்க?"

இணைப்பு போய்விட்டதோ என்று பானு திரையைப் பார்த்தாள். வினாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"காலையில விழுந்துட்டேன்," என்றது குரல். "ஆறு மணி இருக்கும். இடது பக்கம் அசைக்க முடியல. போன் கையில இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு பார்த்தேன்."

"ஆறு மணியில இருந்தா!"

"கத்தாதே. ஏசி ஓடுற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

பானு தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேற்பார்வை செய்யும் ஹான், ஐம்பது வயதுப் பெண்மணி, இரண்டு வரிசை தள்ளி நின்றுகொண்டிருந்தாள். பானு கையசைத்ததும் வந்தாள்.

"மாமி, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

"வேண்டாம்!" முதல் முறையாக அந்தக் குரல் உயர்ந்தது. "யாரையும் கூப்பிடாதே. நான் இருக்கிற கோலம் சரியில்ல. அஞ்சு மணி நேரமாத் தரையில கிடக்கிறேன், பாத்ரூமுக்குப் போக முடியல. புரியுதா உனக்கு?"

"புரியுது மாமி."

"சந்து பூரா வந்து எட்டிப் பார்க்கும். மெக்கானிக் மட்டும் வரட்டும். அவன் வர்றதுக்குள்ள எப்படியாவது எழுந்து உடுத்திக்குவேன். மெக்கானிக் மட்டும். சொல்லு."

"சரி மாமி. மெக்கானிக் மட்டும்தான்," என்றாள் பானு. சொல்லிக்கொண்டே, கட்ட எழுத்துக்கள் இருந்த அதே தாளில் முகவரியையும், விழுந்துவிட்டார், எழ முடியவில்லை, தனியாக இருக்கிறார், ஆம்புலன்ஸ் என்றும் எழுதி ஹான் பக்கம் தள்ளினாள். ஹான் படித்துவிட்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் தன் மேசைக்கு ஓடி ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்தாள்.

பேச்சை விடக் கூடாது என்று பானுவுக்குத் தோன்றியது. குறியைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடியில் இடம் வலம் மாறியதால் E5 இருபத்து மூன்றாகத் தெரிந்ததைச் சொன்னாள்.

மறுமுனையில் சிரிப்பும் முனகலும் சேர்ந்து வந்தன. "நாற்பது வருஷம் வீடு வீடாப் போய் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவ நான். பிள்ளைங்க ஒரு எழுத்தை மாத்திப் போட்டாக் காதைத் திருகுவேன். இன்னைக்கு ரெண்டு எழுத்தையும் மாத்திப் படிச்சிருக்கேன் பாரு."

"நானும் வெப்பநிலைன்னுதானே நினைச்சேன்."

"அப்போ வெளியில இருக்கிறதுதான் கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகல. சூடு தாங்க முடியாம அதுவே நிறுத்திக்கிச்சு. விடாம ஓடியிருந்தா எரிஞ்சு போயிருக்கும்."

"புத்திசாலி," என்றாள் ஜெனேவியேவ்.

தாகமா என்று கேட்டாள் பானு. ஆமாம் என்றாள். தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். சுற்றவில்லை, ஆனால் அறை அடுப்பு மாதிரி இருக்கிறது என்றாள். பானுவின் வீட்டில் யார் யார் என்று ஜெனேவியேவ் கேட்டாள். பதிலைக் கேட்டாளோ இல்லையோ தெரியவில்லை, நடுநடுவே தூங்கிப்போவதுபோல் குரல் அமிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் பானு, "மாமி, மாமி" என்று கூப்பிட்டு மேலே இழுத்தாள்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் மறுமுனையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வியட்நாமிய மொழியில் பல குரல்கள்.

"யாரோ தட்டுறாங்க. அதுக்குள்ள மெக்கானிக் வந்துட்டானா?"

பானு வாயைத் திறந்தாள். மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண் உரக்க ஏதோ கத்தினாள்.

"நீ சொன்னியே," என்றாள் ஜெனேவியேவ். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இணைப்பு துண்டித்துக்கொண்டது.

ஒரு அழைப்பு ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் காரணம் எழுத வேண்டும். ஹானே பானுவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, வாடிக்கையாளர் கீழே விழுந்திருந்தார் என்று எழுதிவிட்டு, தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள். அடுத்த அழைப்பு காத்திருந்தது. F1. குழாய் அடைப்பு.

மாலையில் வீட்டில் பானு நடந்ததையெல்லாம் சலாஹுதீனிடம் சொன்னாள்.

"நல்லதுதானே செஞ்சிருக்கே. ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கே?"

"நல்லதுதான். ஆனா பொய் சொன்னேன்."

"சொல்லலைன்னா அந்தம்மா போனை வச்சிருப்பாங்க. அப்புறம் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருந்திருக்காது."

"வச்சிருப்பாங்களா, மாட்டாங்களான்னு தெரியாதுல்ல. ஆம்புலன்ஸ் வருது மாமி, நீங்க திட்டினாலும் வரும், உங்களைப் போர்த்தின பிறகுதான் ஆம்பளைங்க உள்ள வரணும்னு சொல்லியிருக்கேன்னு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவும் சொல்லல, அந்த ஏற்பாட்டையும் செய்யல. சரின்னு தலையாட்டிட்டு வேலையைப் பார்த்தேன்."

பானுவுக்கு அந்த இரண்டு வார்த்தைகள் காதிலேயே இருந்தன. நீ சொன்னியே. குறியைக் கேட்டு, பொருளைச் சொல்லி, பதற்றத்தைத் தணிப்பதுதான் தன் வேலை என்று நினைத்திருந்தாள். அன்று ஒரு மனுஷியின் பதற்றத்தைப் பொய்யால் தணித்திருந்தாள்.

ஆஸ்பத்திரி எது என்று கண்டுபிடித்துக்கொடுத்ததும் ஹான்தான். இடுப்பெலும்பு முறிவு. மறுநாளே அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பானு போனாள். ஆறு கட்டில் போட்ட அறையில் ஜன்னலோரம், நரைத்த முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒல்லியான மாநிறப் பெண்மணி ஒருத்தி படுத்திருந்தாள். பானு பெயரைச் சொன்னதும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏசி கம்பெனியில நோயாளிகளையும் வந்து பார்க்கிற சேவை உண்டா?"

பானு கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டதுக்கு மன்னிப்புக் கேட்க வரல மாமி. திரும்ப அப்படி நடந்தாலும் கூப்பிடுவேன். மெக்கானிக் மட்டும்தான் வருவாருன்னு உங்ககிட்ட சொன்னேன்ல, அதுக்குத்தான் வந்தேன்."

எதிர்க்கட்டில்காரிக்கு யாரோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னதும் பொய்தானே," என்றாள் ஜெனேவியேவ். "ஏசி சரியில்லைன்னு போன் பண்ணினேன்."

"ஏசி நிஜமாவே சரியில்ல மாமி."

"அது ஒண்ணுதான் உண்மை." சிரிக்கப் போய், தையல் இழுத்ததால் முகத்தைச் சுளித்தாள். "பழத்தை அங்க வை. நாளைக்கெல்லாம் வந்து நிற்காதே. அடுத்த வாரம் வா."

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் பானு போனாள். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஜெனேவியேவின் அப்பா புதுச்சேரியிலிருந்து வந்து ஒரு பிரெஞ்சு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், அம்மா வியட்நாமியப் பெண், எழுபத்தைந்தாம் வருடம் ஆட்சி மாறிய பிறகு அண்ணன்மார் இருவரும் பிரான்சுக்குப் போக, அம்மாவைப் பார்த்துக்கொள்ள இவள் மட்டும் தங்கிவிட்டாள் என்பதெல்லாம் துண்டு துண்டாகத் தெரிய வந்தது. தன் இடுப்பு முறிந்ததை அண்ணன்மாரிடம் சொல்லவில்லை என்றும் தெரிந்தது. ஏன் என்று பானு கேட்கவில்லை. தன் உம்மாவிடம், முதல் வருடம் இங்கே ஒரு ஆளிடமும் பேசாமல் அறையில் அழுதுகொண்டு கிடந்ததை அவளும் இன்றுவரை சொன்னதில்லை.

ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் பானு சோலோன் வீட்டுக்குப் போனாள். சந்துக்குள் கீழ்த்தளம் முழுவதும் தலையணையும் மெத்தையும் தைக்கும் பட்டறை. வாசலிலேயே பஞ்சு மிதந்தது. அதற்கு நேர் மேலே முதல் மாடியில் ஜெனேவியேவ் புதுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நடப்பதற்கான இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"மெக்கானிக் வந்தானே, சொன்னானா?" என்று கேட்டாள் உட்கார்ந்ததும்.

"அறிக்கை பார்த்தேன் மாமி. வெளி யூனிட் பூரா பஞ்சு அடைச்சிருந்துதாம்."

"மெத்தை தைச்சுப் போர்த்தின மாதிரி இருந்துச்சாம். இருபது வருஷமா நான் கத்தின பஞ்சு." அவள் தரையைச் சுட்டினாள், கீழே இருந்த பட்டறையை. "லான்னு பேரு. அவளோட பட்டறைதான். ஜன்னல் திறக்க முடியல, சாப்பாட்டுல விழுதுன்னு வார்டு அலுவலகத்துல மூணு தடவை எழுதிக் கொடுத்திருக்கேன். அவளும் என்னைப் பத்தி எழுதிக் கொடுத்திருக்கா. எட்டு வருஷமா படியில எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்குவோம்."

பானு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு விழுந்தப்போ போன்ல அவ நம்பர் இருந்துச்சு. ஆறு மணிக்கே பார்த்தேன். ஏழு மணிக்குப் பார்த்தேன். அவ பட்டறை திறக்கிற சத்தம் காதுல விழுது, தையல் மெஷின் ஓடுற அதிர்வு தரையில கன்னத்துக்குத் தெரியுது. ஒரு குரல் கொடுத்தா ஏறி வந்துடுவா. கொடுக்கல. ஏசி நின்னதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நல்லதாப் போச்சு, இனிமே போன் பண்ண ஒரு காரணம் இருக்குன்னு தோணுச்சு. மெஷின் கெட்டுப்போறதுல வெட்கம் ஒண்ணுமில்லையே."

மழை கொஞ்சம் வலுத்தது. ஜன்னல் திறந்திருந்தது. ஏசி ஓடவில்லை.

"கதவை உடைச்சது அவதானா மாமி?"

"அவ ஆளுங்க. ஆனா உடைச்சதும் அவ வாசல்ல கையை விரிச்சு நின்னுக்கிட்டா. ஆம்புலன்ஸ்காரனைக்கூட விடல. தனியா உள்ள வந்தா. ஒரு வார்த்தை பேசல. துணியை நனைச்சுத் துடைச்சா, என் பெட்டியைத் திறந்து நல்ல பாவாடையா எடுத்தா, வலிக்காம எப்படி மாட்டுறதுன்னு யோசிச்சு யோசிச்சு மாட்டிவிட்டா. கீழேயிருந்து ஒரு புது மெத்தை உறை கொண்டுவரச் சொல்லி என்னைப் போர்த்தினா. அதுக்கு அப்புறம்தான் ஆம்பளைங்களைக் கூப்பிட்டா. சந்துல ஒருத்தரும் என்னைப் பார்க்கல."

பானுவுக்குக் கண் கலங்கியது. இரண்டு மாதமாக அவள் தன் மனதில் பார்த்துக்கொண்டிருந்த காட்சி வேறு. உடைந்த கதவு, எட்டிப் பார்க்கும் கூட்டம், நடுவில் தரையில் இந்தப் பெண். அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

"நான் அதைச் செய்யச் சொல்லல மாமி. எனக்குத் தோணவே இல்ல."

"உனக்குத் தோணல. அவளுக்குத் தோணுச்சு. எல்லாம் ஒருத்தியே செய்யணும்னு இருக்கா?" ஜெனேவியேவ் இரும்புச் சட்டத்தின் மேல் கைகளை மடித்து வைத்துக்கொண்டாள். "ஆனா நீ என்கிட்ட சொல்லியிருக்கணும். இது தனி, அது தனி."

"தனிதான் மாமி," என்று பானு ஒப்புக்கொண்டாள்.

"இப்போ எப்படி?" என்று கேட்டாள். "பேசிக்கிறீங்களா?"

"சண்டையெல்லாம் அப்படியேதான் இருக்கு. பஞ்சு வரத்தான் செய்யுது. வாரத்துக்கு ஒரு நாள் அவளோட பட்டறைப் பொண்ணு ஒருத்தி வந்து வெளி யூனிட்டைப் பிரஷ் போட்டுத் தட்டிட்டுப் போறா. அன்னைக்கும் சரியாத் தட்டலைன்னு நான் கத்துவேன். சாவி ஒண்ணு அவகிட்ட இருக்கு."

அவள் எழுந்து சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். காப்பி வடிகட்டிகளை இரண்டு கண்ணாடிக் கோப்பைகளின் மேல் வைத்து வெந்நீர் ஊற்றினாள். பானு உதவிக்கு எழுந்தபோது கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஐஸ் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கதவுப்பக்கம் போய் நின்றாள். ஒரு கையால் சட்டத்தையும் ஒரு கையால் நிலையையும் பிடித்துக்கொண்டு, மாடிப்படிக்குள் குனிந்து, வியட்நாமிய மொழியில் உரக்கக் கூப்பிட்டாள்.

"லான்! ஐஸ் இருந்தா கொஞ்சம் மேல கொண்டு வா. விருந்தாளி வந்திருக்கா."

கீழே தையல் மெஷின் நின்றது. ஒரு பெண் குரல் சலிப்போடு ஏதோ பதில் சொன்னது. செருப்புச் சத்தம் படியேறி வந்துகொண்டிருந்தது.